விலை குறைந்த பி450 போர்டில் பிபிஓ: ஆன் பண்ணினா வேகம் ஏறாம இறங்குது

#1 கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

வணக்கம். சிஸ்டம் விவரம் முதலில்.

பிராசஸர் ரைசன் 7 5800எக்ஸ். போர்டு பி450, மைக்ரோ ஏடிஎக்ஸ். சிபியு பக்கம் 4 ஃபேஸ் (பிராசஸருக்குக் கரண்ட் குடுக்கிற பிரிவுகள்). இடது வரிசை மாஸ்ஃபெட் (ஃபேஸ்ல கரண்டை ஆன்-ஆஃப் பண்ற சில்லு) மேல சின்ன ஹீட்சிங்க் இருக்கு, மேல் வரிசை மொட்டை. டவர் கூலர், 120 மி.மீ. ஃபேன் ஒண்ணு. ரேம் 16 ஜிபி ரெண்டு, 3600. எஸ்எம்பிஎஸ் 550 வாட். கேபினெட்ல முன்னாடி ரெண்டு ஃபேன், பின்னாடி இல்லை.

பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங் மெனு) பிபிஓ-வை, அதாவது பிராசஸரோட வாட், கரண்ட் எல்லையை மாத்துற பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவை, எனேபிள் பண்ணேன், வேற எதையும் தொடலை. சினிபெஞ்ச் (பிராசஸர் வேகச் சோதனை) ஒரு ரவுண்டு ஓட்டினா மார்க் கொஞ்சம் கூடுது. ஆனா பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல நீளமா ரெண்டர் போட்டா, பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துல எல்லா கோரும் ஒரே நேரத்துல 0.55 கிகாஹெர்ட்ஸுக்கு விழுது. சில நொடியில மேல வருது, திரும்ப விழுது. சிபியு வெப்பம் 88-ஐச் சுத்தியே நிக்குது. பிபிஓ இல்லாமலே ரெண்டர் சீக்கிரம் முடியுது. கூலர் பத்தலையா, எஸ்எம்பிஎஸ் பத்தலையா?

#2 வோல்ட்மீட்டர் (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

இரண்டும் இல்லை. விஆர்எம் (பிராசஸருக்கு வோல்டேஜைச் சீராக்கிக் கொடுக்கும் அந்த ஃபேஸ்களின் தொகுதி) சூடாகிக் கூச்சல் போடுகிறது.

பிராசஸர் தன் சூட்டால் தானே வேகத்தைக் குறைக்கும்போது 25, 50 மெகாஹெர்ட்ஸ் என்று படிப்படியாக இறங்கும். 5800எக்ஸுக்கு எல்லை 90 டிகிரி. அங்கே போய் ஒட்டிக்கொண்டு மெல்லத் தணியும், ஒரேயடியாகக் கவிழாது. எல்லாக் கோரும் சேர்ந்து அரை கிகாஹெர்ட்ஸுக்கு விழுகிறது என்றால், வெளியிலிருந்து யாரோ பிரேக்கை மிதிக்கிறார்கள். மாஸ்ஃபெட் பக்கம் சூடு எல்லை தாண்டும்போது போர்டு, ப்ராக்ஹாட் என்ற கம்பி வழியாகப் பிராசஸரை நிறுத்தச் சொல்கிறது. பிராசஸர் அதை மறுபேச்சில்லாமல் கேட்கும்.

உறுதிப்படுத்த: எச்டபிள்யூஇன்ஃபோ என்ற சென்சார் காட்டும் நிரலில் சென்சார் மட்டும் திறங்கள். சிபியு பகுதியில் தெர்மல் த்ராட்லிங் என்று மூன்று வரி இருக்கும்: எச்டிசி, ப்ராக்ஹாட் சிபியு, ப்ராக்ஹாட் இஎக்ஸ்டி. ரெண்டரை 20 நிமிடம் ஓட்டிவிட்டு, அதிகபட்சம் என்ற பத்தியில் எதில் 'யெஸ்' விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கடைசி வரி என்றால் போர்டுதான்.

கூடவே பிபிடி, டிடிசி, இடிசி என்ற வாட், கரண்ட் அளவுகள் மூன்றும் எந்த அளவைத் தொட்டன, அவற்றின் எல்லை என்ன என்பதையும் எழுதுங்கள்.

இன்னொன்று. முன்பு வேறு பிராசஸரோடு வந்த பாக்ஸ் கூலர் இருந்ததா? அந்த வகைக் கூலர் காற்றை மேலிருந்து கீழே போர்டின் மீது அடிக்கும். மாஸ்ஃபெட்டுக்கும் ஓசியில் காற்று கிடைக்கும். டவர் கூலர் காற்றை நேர்கோட்டில் பின்னால் தள்ளும். உங்கள் கேபினெட்டில் பின்னால் ஃபேனும் இல்லை. சிபியு குளிர்ந்தது, விஆர்எம் மூலையில் காற்று நின்றுவிட்டது.

#3 கெடிலக்கரை

நீங்க சொன்னதுதான். எச்டிசி நோ, ப்ராக்ஹாட் சிபியு நோ, ப்ராக்ஹாட் இஎக்ஸ்டி யெஸ்.

எல்லைகள்: பிபிடி 395 வாட், டிடிசி 255 ஆம்பியர், இடிசி 200 ஆம்பியர். உண்மையில் போனது 166 வாட், டிடிசி 118 ஆம்பியர்.

முன்னாடி இருந்தது 3600, கூடவே வந்த கூலர்தான்.

#4 சுண்ணாம்பாறு (அரியாங்குப்பம், புதுச்சேரி)

395 வாட்டு, 255 ஆம்பியர்! நாலு ஃபேஸ் போர்டு இந்தக் கணக்கு எழுதுறது, சைக்கிள் கேரியர்ல பத்து மூட்டை அரிசி எழுதுற மாதிரி. எனேபிள்னு போட்டா போர்டு தன்னால எவ்வளவு முடியும்னு அளந்து பாத்துச் சொல்றதில்ல. பயாஸ்ல யாரோ எழுதி வச்ச எண்ணை அப்படியே பிராசஸர்கிட்ட நீட்டுது. அதனால பட்ஜெட் போர்டுல எனேபிள், மதர்போர்டு லிமிட் ரெண்டையும் மறந்துடுங்க. அட்வான்ஸ்டு, அதுக்குள்ள மேனுவல். அவ்வளவுதான்.

மூணு எண்ணும் என்னன்னு தெரிஞ்சா மீதி தானா விளங்கும்.

பிபிடி: சாக்கெட்டுக்குள்ள போற மொத்த வாட். டிடிசி: சூடு ஏறின நிலையில தொடர்ந்து இழுக்கக்கூடிய கரண்ட். இடிசி: கண்ணிமைக்கிற நேரத்துக்கு எகிறுற உச்ச கரண்ட். விஆர்எம்மை வேக வைக்கிறது நடுவுல இருக்குற டிடிசி.

ஏஎம்டி வச்சிருக்கிற அளவு (பிபிடி, டிடிசி, இடிசி வரிசையில):
5600எக்ஸ், 5700எக்ஸ்: 76 வாட், 60 ஆம்பியர், 90 ஆம்பியர்
5800எக்ஸ், 5900எக்ஸ், 5950எக்ஸ்: 142 வாட், 95 ஆம்பியர், 140 ஆம்பியர்
பழைய 3600: 88 வாட், 60 ஆம்பியர், 90 ஆம்பியர்

இப்ப உங்க போர்டு கணக்கு. நாலு ஃபேஸ். 95 ஆம்பியர்னா ஒரு ஃபேஸுக்கு 23.75. உங்களுக்குப் போனது 118, அதாவது 29.5. கரண்ட் கூடினது 24 சதவீதம். ஆனா மாஸ்ஃபெட் தடையில உண்டாகுற சூடு கரண்டோட வர்க்கத்துக்கு ஏறும். 1.24 பெருக்கல் 1.24, கிட்டத்தட்ட 1.54. சூடு 54 சதவீதம் கூடிடுச்சு. சுவிட்சிங்ல போற இழப்பு இந்த வர்க்கக் கணக்குல வராது, அதைத் தனியா வச்சாலும் திசை இதுதான். மாஸ்ஃபெட் சூடானா அதோட தடையும் ஏறும், அது இன்னும் சூடாக்கும்.

இதையே திருப்பிப் போடுங்க. டிடிசியை 70-க்கு இறக்கினா ஒரு ஃபேஸுக்கு 17.5. கம்பெனி அளவோட ஒப்பிட்டா அந்தச் சூடு 46 சதவீதம் குறையும். 3600-க்கு ஒரு ஃபேஸ் 15 ஆம்பியர்தான் இழுத்துச்சு, அதனாலதான் அப்ப நிம்மதியா இருந்தீங்க.

உங்க போர்டுக்கு நான் வைக்கிற எண்: பிபிடி 110, டிடிசி 70, இடிசி 110. ஸ்கேலர் (உயர் வோல்டேஜைப் பிடிச்சு வைக்கிற அளவு) ஆட்டோ. பூஸ்ட் ஓவர்ரைடு (உச்ச வேகத்துக்கு மேல கூட்டுற மெகாஹெர்ட்ஸ்) 0. தெர்மல் லிமிட் 85. இதுல முதல்ல அரை மணி நேரம் ரெண்டர் ஓட்டுங்க. ப்ராக்ஹாட் இஎக்ஸ்டி நோ-ன்னு நின்னா, டிடிசியை மட்டும் 5 ஆம்பியர் ஏத்தி மறுபடி ஓட்டுங்க. எங்க யெஸ் விழுதோ அதுக்கு 10 ஆம்பியர் கீழ நில்லுங்க.

ஒரு எச்சரிக்கை: சில பயாஸ்ல இந்த இடத்துல வாட் கேக்கும், சிலதுல மில்லிவாட், மில்லிஆம்பியர் கேக்கும். 110-னு போடணுமா 110000-னு போடணுமான்னு பக்கத்துல இருக்கிற அலகைப் படிச்சுட்டுப் போடுங்க.

#5 நெய்தல்நிலம் (முதலியார்பேட்டை, புதுச்சேரி)

மன்னிக்கணும், இதுக்குப் பிபிஓ எதுக்கு? கம்பெனி அளவே 142 வாட். அதைவிடக் கீழே 110 வைக்கிறதுக்குப் பேர் ஓவர்டிரைவா? ஈகோ மோட் (குறைஞ்ச வாட்ல ஓட வைக்கிற தயார் செட்டிங்) போட்டுட்டுப் போயிடலாம். நாலு ஃபேஸ் போர்டுல 5800எக்ஸ் போட்டதே பொருத்தமில்லாத ஜோடி.

#6 வோல்ட்மீட்டர்

ஜோடி பொருத்தமில்லை என்பது சரி. ஆனால் போர்டை மாற்றச் சொல்வது எளிது, பணம் போடுவது அவர்.

ஈகோ மோட் 65 என்றால் பிபிடி 88-இல் நிற்கும். அதுவும் கெட்ட தேர்வு அல்ல. ஆனால் எல்லையை நாமே வைத்துக்கொள்ளும் சுதந்திரமும், முக்கியமாகக் கோர்களின் வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரும், பிபிஓ அட்வான்ஸ்டுக்குள்தான் இருக்கின்றன. விலை குறைந்த போர்டில் வேகம் வருவது எல்லையை உயர்த்துவதால் அல்ல. அதே எல்லைக்குள் வோல்டேஜைக் குறைத்தால், மிச்சமாகும் வாட்டைப் பிராசஸர் தானே வேகமாக மாற்றிக்கொள்ளும். ஓவர்டிரைவ் என்ற பெயரைப் பார்த்து எல்லாரும் எண்ணை ஏற்றத்தான் பார்க்கிறார்கள். இந்த வகைப் போர்டில் அதே மெனுவை இறக்கத்தான் பயன்படுத்த வேண்டும்.

கெடிலக்கரை, எண்ணைப் போடும் முன் ஒரு சோதனை. பிபிஓ-வை முழுக்க அணைத்து, எல்லாம் கம்பெனி அளவில் இருக்க, சினிபெஞ்ச் ஆர்23 மல்டி ஓடும்போது எச்டபிள்யூஇன்ஃபோவில் பவர் ரிப்போர்ட்டிங் டீவியேஷன் என்ற வரியைப் பாருங்கள். 100-ஐ ஒட்டி இருந்தால் போர்டு உண்மையைச் சொல்கிறது. 80 என்றால் பிராசஸர் 142 வாட் என்று நம்பிக்கொண்டு நிஜத்தில் 177 வாட் வரை இழுக்கிறது. அப்போது மேலே சொன்ன எண்கள் எல்லாவற்றையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துப் போட வேண்டும். முழு லோடு இல்லாமலோ, பிபிஓ ஆனில் இருக்கும்போதோ இந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

#7 மஞ்சக்குப்பம் 12வி (கடலூர்)

தம்பி, பேச்சு எல்லாம் மாஸ்ஃபெட்லயே இருக்கு, அதுக்கு முன்னாடி இருக்கிற கனெக்டரை யாரும் பாக்கலை. சிபியுவுக்குப் போற 12 வோல்ட் பிளக்கைக் கழட்டிப் பாருங்க.

கணக்கு இதுதான். பிராசஸர் 166 வாட். விஆர்எம் திறன் 85 சதவீதம்னு வச்சா உள்ள வர்றது 195 வாட். 12-ஆல வகுத்தா 16 ஆம்பியருக்கு மேல. போர்டுல 8 பின் இருந்து 8-ம் மாட்டியிருந்தா, 12 வோல்ட் பின் நாலு, ஒண்ணுக்கு 4 ஆம்பியர். 4 மட்டும் மாட்டியிருந்தா பின் ரெண்டுதான், ஒண்ணுக்கு 8 ஆம்பியர். இந்த மாதிரி பின்னுக்கு அது ரொம்ப நெருக்கடி. எஸ்எம்பிஎஸ்ல 4+4-னு பிரிஞ்சு வரும். அவசரத்துல ஒண்ணை மட்டும் சொருகிட்டு இன்னொண்ணைத் தொங்க விட்டுடுவாங்க. சிஸ்டம் ஆன் ஆயிடும், யாருக்கும் சந்தேகம் வராது.

நம்ம ஊரு உப்புக் காத்து வேற. தகரப் பூச்சுள்ள பின்னு மேல மங்கலா, வெள்ளையாப் படிஞ்சிருந்தா தொடுமுனையில தடை கூடும், பிளக்கு சூடாகும், பிளாஸ்டிக் பழுப்பாகும். கழட்டிப் பாருங்க. பழுப்பு இருந்தா அந்த ஒயர் வேணாம். மங்கல் மட்டும்னா கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, ரெண்டு மூணு தடவை சொருகி எடுத்து, நல்லாக் காஞ்ச பிறகு மாட்டுங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, பூச்சு போயிடும், அப்புறம் இன்னும் சீக்கிரமா அரிக்கும்.

#8 கெடிலக்கரை

ஐயா, 4 மட்டும்தான் மாட்டியிருந்துச்சு. இன்னொரு 4 கேபினெட் பின்பக்கத் தகட்டுக்குள்ள மடிச்சு வச்சிருந்துச்சு. பின் நிறம் மாறலை. ரெண்டையும் மாட்டிட்டேன்.

டீவியேஷன் 97, 98-ல நிக்குது.

#9 குருசுகுப்பம்_520 (புதுச்சேரி)

அண்ணா, நடுவுல ஒரு கேள்வி. என்கிட்ட ஏ520 போர்டு, ரைசன் 5 5600. எனக்கு பூஸ்டே வராதா? பயாஸ்ல பிபிஓ-ன்னு எங்கயும் இல்லை.

#10 வோல்ட்மீட்டர்

பூஸ்ட் வேறு, ஓவர்டிரைவ் வேறு. தானாக வேகம் ஏறுவது பிரிசிஷன் பூஸ்ட். அது பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது, ஏ320, ஏ520 எதிலும் வேலை செய்யும். பயாஸில் கோர் பெர்ஃபார்மன்ஸ் பூஸ்ட் ஆட்டோவில் இருந்தால் போதும். உங்கள் 5600 ஒற்றைக் கோர் வேலையில் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். போகவில்லை என்றால் முதலில் பாருங்கள்: யாராவது சிபியு ரேஷியோ என்ற இடத்தில் 36, 40 என்று எண் போட்டு வைத்திருக்கிறார்களா? அங்கே எண் விழுந்தவுடன் பூஸ்ட் மொத்தமாகச் செத்துவிடும். ஆட்டோ என்று மாற்றுங்கள். அடுத்து விண்டோஸ் பவர் பிளானில் மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட் 99 என்று இருந்தாலும் பூஸ்ட் நிற்கும், 100 ஆக்குங்கள்.

ஏ520-இல் பிராசஸர் ஓவர்கிளாக்குக்கு ஏஎம்டியின் அனுமதி இல்லை. சில போர்டுகளின் பயாஸில் அந்த மெனு எட்டிப் பார்க்கும், ஆனால் அடுத்த அப்டேட்டிலும் இருக்கும் என்று நம்பிப் போர்டு வாங்கக் கூடாது. ரேம் பக்கம் தடையில்லை. எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்து 3200 அல்லது 3600-இல் ஓட்டுங்கள், எஃப்கிளாக் (பிராசஸருக்குள் இருக்கும் இணைப்புப் பாதையின் வேகம்) அதில் பாதி இருக்கட்டும்: 3600-க்கு 1800. 5600-ஐப் பொறுத்தவரை உங்களுக்குக் கிடைக்கக்கூடிய லாபத்தில் பெரும்பங்கு அங்கேயே இருக்கிறது.

பிபிஓ2 ட்யூனர் என்று விண்டோஸில் ஓடும் ஒரு சின்னக் கருவி உண்டு. பயாஸ் மெனு இல்லாமல் கர்வை மாற்றும். பெரும்பாலும் 5800எக்ஸ்3டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள், அந்தப் பிராசஸருக்குப் பிபிஓ பூட்டப்பட்டிருப்பதால். ரீஸ்டார்ட் ஆனால் அழிந்துவிடும், டாஸ்க் ஷெட்யூலரில் போட வேண்டும். வேலைக்கான கணினியில் நான் வைக்க மாட்டேன்.

#11 சுண்ணாம்பாறு

கெடிலக்கரை, இப்ப கர்வ். இதுலதான் நிறைய பேர் சறுக்குறாங்க, அதனால விலாவாரியாவே சொல்றேன்.

முதல்ல இடம். ஜிகாபைட்டுல ட்வீக்கர், அட்வான்ஸ்டு சிபியு செட்டிங்ஸ். எம்எஸ்ஐ-ல ஓசி, அட்வான்ஸ்டு சிபியு கான்ஃபிகரேஷன், அதுக்குள்ள ஏஎம்டி ஓவர்கிளாக்கிங். ஏசஸ், ஏஎஸ்ராக் ரெண்டுலயும் அட்வான்ஸ்டுல ஏஎம்டி ஓவர்கிளாக்கிங். பல போர்டுல பிபிஓ ரெண்டு இடத்துல இருக்கும், போர்டுக்காரன் மெனுவுல ஒண்ணு, ஏஎம்டி மெனுவுல ஒண்ணு. ரெண்டுலயும் வேற வேற எண் போட்டா எது ஜெயிக்கும்னு சொல்ல முடியாது. ஏதாவது ஒரு இடத்துல மட்டும் போடுங்க, இன்னொண்ணு ஆட்டோ. விண்டோஸுக்கு வந்ததும் எச்டபிள்யூஇன்ஃபோவுல எல்லை மாறியிருக்கான்னு சரி பாருங்க. மாறலைன்னா தப்பான மெனுவுல போட்டிருக்கீங்க.

கர்வ் ஆப்டிமைசர் மெனு இல்லைன்னா பயாஸ் பழசு. நம்ம மாதிரி ஏஎம்4 சாக்கெட் போர்டுல ரைசன் 5000-க்கு மட்டும்தான் வரும், 3000 வரிசைக்கு வராது. அப்டேட் பண்ணும்போது கரண்ட் போனா போர்டு போச்சு. மாதாந்திரப் பராமரிப்புக்கு லைன் நிறுத்துற அன்னைக்கும், வடகிழக்குப் பருவமழை காத்து அடிக்கிற ராத்திரியிலயும் பயாஸ் ஃபிளாஷ் பண்ணாதீங்க. யூபிஎஸ்ல வச்சு, பென்டிரைவை எஃப்ஏடி32-ல ஃபார்மட் பண்ணி, பயாஸுக்குள்ள இருந்தே பண்ணுங்க, விண்டோஸ்ல இருந்து வேணாம். அப்டேட் ஆனதும் எல்லா செட்டிங்கும் அழியும், பழைய ப்ரொஃபைல் புது பயாஸ்ல ஏறாமப் போகலாம். எண்ணையெல்லாம் போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

அடுத்து எண். கர்வ்ல ஒரு படிங்கிறது சுமார் 3-லிருந்து 5 மில்லிவோல்ட். மைனஸ் 30 வரை போகலாம். ஆல் கோர், நெகட்டிவ், 10-னு ஆரம்பிங்க. ஓடினா 15. அதுக்கு மேல பெர் கோருக்கு மாறுங்க, ஏன்னா எட்டு கோரும் ஒரே தரமில்லை. ரைசன் மாஸ்டர்ல நட்சத்திரக் குறி போட்ட கோர் ரெண்டு இருக்கும், அதான் நல்ல கோர். நல்ல கோருக்கு நிறையக் குறைக்கலாம்னு தோணும். நேர்மாறு. அதுங்களுக்குக் கம்பெனியே ஏற்கெனவே கம்மி வோல்டேஜ் எழுதியிருக்கு, உச்ச வேகத்துக்குப் போறதும் அதுங்கதான். அதனால நட்சத்திரக் கோருக்கு மைனஸ் 5, 10-க்குள்ள நில்லுங்க. மத்ததுக்கு 15, 20, 25.

மூணாவது சோதனை. ஆல் கோர் சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓடுச்சு, ஸ்டேபிள்னு எழுதுறாங்க பாருங்க, அது சோதனையே இல்ல. எல்லா கோரும் ஓடும்போது வேகம் 4.4, 4.5-தான், வோல்டேஜ் தாராளமா இருக்கும். ஒரே கோர் 4.8 வரை எகிறி, அடுத்த நொடி தூங்கி, மறுபடி எழுந்திரிக்கும் பாருங்க, அங்கதான் விழும். பிரவுசர்ல ஒரு டேப் திறக்கும்போது, சும்மா டெஸ்க்டாப்ல விட்டுட்டு டீ குடிக்கப் போன நேரத்துல ரீஸ்டார்ட் ஆகும்.

அதுக்குக் கோர்சைக்ளர். பிரைம்95-ஐ ஒரு நேரத்துக்கு ஒரு கோர்ல மட்டும் ஓட்டும். எஸ்எஸ்இ, ஹியூஜ் அப்படிங்கிற இயல்பு அமைப்பையே வச்சுக்கங்க, அதுலதான் வேகம் உச்சத்துக்குப் போகும். ஒரு கோருக்கு 6 நிமிஷம்னு இருக்கும், முதல் சுத்துக்கு அது போதும். கடைசிச் சுத்துக்கு 30 நிமிஷம் வைங்க, எட்டு கோருக்கு 4 மணி நேரம், ராத்திரி ஓடட்டும். எந்தக் கோர் தப்புன்னு அதுவே எழுதும். அந்தக் கோருக்கு மட்டும் 3-லிருந்து 5 படி திருப்பிக் கொடுங்க.

#12 நெய்தல்நிலம்

பூஸ்ட் ஓவர்ரைடு பிளஸ் 200 விட்டுட்டீங்களே? அதுதானே ஒற்றைக் கோர் வேகத்தை ஏத்தும்?

#13 சுண்ணாம்பாறு

ஏத்தும். 5000 வரிசையில 200 வரை இடம் இருக்கு. ஒற்றைக் கோர் வேலைக்கு விஆர்எம் கரண்டும் பெருசா போகாது, அதனால போர்டு அதுக்குத் தடை இல்லை. ஆனா உச்ச வேகம் ஏற ஏறக் கர்வ்ல நீங்க எடுத்த வோல்டேஜைத் திருப்பிக் கேக்கும். மைனஸ் 20-ல நின்ன கோர் பிளஸ் 200 போட்டா மைனஸ் 10-லயே விழலாம். ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தினா எது காரணம்னு தெரியாது. முதல்ல 0 வச்சுக் கர்வை முடிங்க. ஆசை இருந்தா அப்புறம் 50, 100. ரெண்டர்தான் முக்கியம்னா 0-லயே விட்டுடுங்க, முழுக் கோர் லோடுல அந்த உச்சத்துக்கு எப்படியும் போகப் போறதில்லை.

ஸ்கேலரைத் தொட வேணாம். 10 போட்டா வோல்டேஜை அதிக நேரம் உயரத்துல பிடிச்சு வைக்கும், நம்ம போர்டுல அது சூடா மாறுமே தவிர வேகமா மாறாது.

#14 மஞ்சக்குப்பம் 12வி

காத்து விஷயம் பாதியில நிக்குது. கேபினெட் பின்னால 120 மி.மீ. ஃபேன் ஒண்ணு வெளியேத்துற திசையில மாட்டுங்க, அதுவே மாஸ்ஃபெட் மூலையை இழுக்கும். மேல துளை இருந்தா அங்க, பின்பக்கம் ஒட்டின இடத்துல இன்னொண்ணு. அதுவும் பத்தலைன்னா 80 மி.மீ. ஃபேன் ஒண்ணைக் கேபிள் டையால டவர் கூலர் பக்கத்துல கட்டி, மொட்டை வரிசை மேல நேரா ஊதவிடுங்க. அழகா இருக்காது, வேலை செய்யும்.

மொட்டை வரிசைக்குச் சின்ன அலுமினிய ஹீட்சிங்க் ஒட்டலாமான்னு அடுத்துக் கேப்பீங்க. ஒட்டலாம், ஆனா மூணு விஷயம். ஒண்ணு, இந்த வகை மாஸ்ஃபெட் 5-க்கு 6 மி.மீ. சைஸ், சூட்டுல பெரும்பகுதி கீழ போர்டுல இருக்கிற செம்புக்குத்தான் இறங்குது. மேல் பிளாஸ்டிக் வழியா வர்றது கம்மி. அதனால ஹீட்சிங்க் மட்டும் போதாது, காத்தும் வேணும். ரெண்டு, மாஸ்ஃபெட்டைவிட அகலமான துண்டு ஒட்டினா பக்கத்துல இருக்கிற சின்ன கெபாசிட்டர் முனையில அலுமினியம் படும், ஷார்ட். மூணு, மட்டமான பசை டேப்பு போர்டு செங்குத்தா நிக்கும்போது சூட்டுல வழுக்கும். விழுந்தா கிராபிக்ஸ் கார்டோட பின்பக்கத்து மேலதான் விழும். தெர்மல் ஒட்டுப்பசை போட்டு, போர்டைப் படுக்க வச்சு, ஒரு நாள் விட்டு எழுப்புங்க. பண்ணாமலே 70 ஆம்பியர்ல நின்னுட்டா இந்த வேலையே வேணாம்.

யூபிஎஸ்ஸும் ஒரு வார்த்தை. 600 விஏ-ன்னு எழுதியிருக்கிறது பொதுவா 360 வாட்தான். பிராசஸரோட கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகைன்னா ஆக்டிவ் பிஎஃப்சி (மின் அலைக்கு ஏத்த மாதிரி கரண்டைச் சீரா இழுக்கிற) எஸ்எம்பிஎஸ் சில சமயம் இரையும், லோடுல இருக்கும்போது மாறினா ஆஃப் ஆகும். அதைப் பாத்துட்டுக் கர்வ்தான் தப்புன்னு நினைச்சுக்காதீங்க.

#15 கெடிலக்கரை

பின்னாடி ஃபேன் மாட்டினேன். 110, 70, 110 வச்சு 40 நிமிஷம் ரெண்டர்: ப்ராக்ஹாட் இஎக்ஸ்டி நோ. டிடிசி 75, 80-லயும் நோ. 85-ல 30 நிமிஷத்துக்கு மேல யெஸ் விழுந்துச்சு. அதனால 75-ல நிறுத்திட்டேன்.

கர்வ் ஆல் கோர் மைனஸ் 15 போட்டதும் அதே 110 வாட்ல முழுக் கோர் வேகம் ஏறிடுச்சு, சிபியு 74 டிகிரி. ஆனா நேத்து சாயங்காலம் யூடியூப் பாத்துட்டிருக்கும்போது சட்டுனு ரீஸ்டார்ட். ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41, அதுக்குப் பக்கத்துல வீயா லாகர் (ஹார்டுவேர் பிழைப் பதிவு) 18, பிராசஸர் ஏபிக் ஐடி 4-னு இருக்கு. கோர் 4-ஐ இறக்கணுமா?

#16 வோல்ட்மீட்டர்

கோர் 4 அல்ல, கோர் 2. ஏபிக் எண் த்ரெட்டுக்கானது. ஒரு கோருக்கு இரண்டு த்ரெட். 0, 1 என்றால் கோர் 0. 2, 3 என்றால் கோர் 1. 4, 5 என்றால் கோர் 2. பயாஸிலும் எண்ணிக்கை 0-விலிருந்துதான் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பலர் பக்கத்துக் கோரை மாற்றிவிட்டு இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அது நட்சத்திரக் கோராக இருந்தால் மைனஸ் 8, இல்லையென்றால் மைனஸ் 10.

41 என்பது கணினி ஒழுங்காக அணையவில்லை என்ற செய்தி மட்டுமே, காரணத்தைச் சொல்லாது. 18-தான் சாட்சி. 18-இல் கேஷ் ஹைரார்கி எர்ரர் என்று இருந்தால் பெரும்பாலும் கர்வ். 19 வந்து, பஸ் இன்டர்கனெக்ட் என்று எழுதியிருந்தால் கர்வைத் தொடாதீர்கள். அது எஃப்கிளாக், ரேம் பக்கத்துத் தகராறு.

சில சமயம் தவறான எண்ணால் திரையே வராது. இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எழும், பொறுங்கள். வரவில்லை என்றால் மின்சாரத்தைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 நொடி அழுத்தி, போர்டில் கிளியர் சிமாஸ் இரண்டு பின்னை ஸ்க்ரூடிரைவர் முனையால் சில நொடி தொட்டு எடுங்கள். அதுவும் கைக்கு எட்டவில்லை என்றால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்தால் போதும்.

#17 குருசுகுப்பம்_520

அண்ணா, வாரண்டி?

#18 வோல்ட்மீட்டர்

பிபிஓ ஆன் செய்தால் அதனால் வரும் சேதத்துக்கு ஏஎம்டி வாரண்டி பொருந்தாது. மெனுவைத் திறக்கும்போதே ஒரு எச்சரிக்கை வந்து 'அக்செப்ட்' கேட்கும். அதைப் படிக்காமல் அமுக்குகிறோம். எல்லையைக் குறைத்து வைத்தாலும் விதி அதேதான்.

#19 நெய்தல்நிலம்

சரி, ஒத்துக்கறேன், ஈகோ மோடைவிட இது மேல். இன்டெல்காரங்களுக்கும் ஒரு வரி: எச்610-ல ரேமைக்கூட ஏத்த முடியாது, 12400-க்கு பிஎல்1 (தொடர்ந்து இழுக்கிற எல்லை) 65 வாட், பிஎல்2 (கொஞ்ச நேர உச்சம்) 117 வாட். மட்டமான விஆர்எம்ல பிஎல்1-ஐ 117-க்குத் தூக்குறது, இங்க 395 வாட் போட்ட அதே கதைதான்.

#20 சுண்ணாம்பாறு

ஒண்ணு விட்டுப் போச்சு, நம்ம ஊருக்குன்னே சொல்ல வேண்டியது. டிடிசி சோதனையும் கர்வ் சோதனையும் ஒரே பருவத்துல பண்ணாதீங்க.

விஆர்எம் சூட்டுச் சோதனையை வெயில் காலத்துல, மதியம் கடல்காத்து உள்ள ஏறுறதுக்கு முன்னாடி பண்ணுங்க, பதினோரு மணியிலிருந்து ஒரு மணிக்குள்ள. அறை 35, 36 இருக்கும்போது 75 ஆம்பியர் தாங்கினா வருஷம் முழுக்கத் தாங்கும். ராத்திரி ஏசியில தாங்கினது அக்னி நட்சத்திரத்துல தாங்காது.

கர்வ் அப்படியே தலைகீழ். சிபியு குளிர்ச்சியா இருந்தா பூஸ்ட் இன்னும் கொஞ்சம் மேல போகப் பாக்கும், அந்த உச்சத்துலதான் வோல்டேஜ் பத்தாமப் போகும். மே மாசம் ஒழுங்கா ஓடின மைனஸ் 20, மார்கழிக் காலையில முதல் தடவை ஆன் பண்ணும்போது விழும். அதனால கோர்சைக்ளரை விடியக்காலையில, அறை குளிர்ச்சியா இருக்கும்போது ஓட்டுங்க. வெயில் காலத்துலயே முடிக்கணும்னா, எல்லாம் பாஸ் ஆன எண்ணுல இருந்து ஒவ்வொரு கோருக்கும் 3 படி திருப்பிக் கொடுத்துட்டு விடுங்க.

#21 கெடிலக்கரை

கோர் 2-க்கும் கோர் 5-க்கும் நட்சத்திரம். ரெண்டையும் மைனஸ் 8-க்கு மாத்தினேன். மத்ததுக்கு 15. கோர்சைக்ளர் 30 நிமிஷம் வச்சு ராத்திரி ஓடி முடிஞ்சது, தப்பு ஒண்ணும் இல்லை, வீயா புதுசா எதுவும் விழலை. சுண்ணாம்பாறு சொன்னபடி எல்லாத்துலயும் 3 படி திருப்பிக் கொடுத்துட்டேன்: நட்சத்திரம் மைனஸ் 5, மத்தது மைனஸ் 12. ஒரு மணி நேர ரெண்டர்ல ப்ராக்ஹாட் இஎக்ஸ்டி நோ, முழுக் கோர் வேகம் கம்பெனி அளவுல 142 வாட் இழுத்தப்ப இருந்ததுக்கு 50 மெகாஹெர்ட்ஸ் கீழ, இழுக்கிறது 110 வாட். விஆர்எம் ஹீட்சிங்க்ல விரல் வச்சு எடுக்க முடியுது, முன்னாடி வைக்கவே முடியலை.

தொங்கிட்டிருந்த அந்த 4 பின்னை எடுத்து மாட்டச் சொன்ன மஞ்சக்குப்பம் ஐயாவுக்கு நன்றி.

#22 மஞ்சக்குப்பம் 12வி

மழைக்காலம் முடிஞ்சதும் அந்தப் பிளக்கை ஒருதரம் கழட்டிப் பாருங்க தம்பி. ஃபேன் கூட்டினதால உள்ள வர்ற உப்புக் காத்தும் கூடியிருக்கு. முன்பக்க வலையை மாசம் ஒருதரம் கழுவி, ஈரம் காஞ்ச பிறகு மாட்டுங்க.